ஓட்டத்தைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்

வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் தினமும் 8 கிலோமீட்டர் ஓடி, வாரம் ஆறு நாள் ஜிம்முக்கும் சென்று, எடை கூட்ட முயன்றும் மூன்று மாதமாக 62 கிலோவிலேயே நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உழைப்பில் குறையில்லை, கணக்கில்தான் பிழை. உங்கள் எடைக்கு ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 60 கலோரி செலவாகும் என்பதால், காலையிலேயே 500 கலோரி அளவுக்குப் போய்விடுகிறது. அதன்பின் தர்ஷினி உணவகத்தில் நின்றபடியே சாப்பிடும் மூன்று இட்லி அதை ஈடுகட்டாது.

வாரம் மூன்று நாள், 4 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், கால்களுக்குப் பயிற்சி இல்லாத நாள்களில் ஓடுங்கள். மார்புக்கு மட்டும் நீங்கள் செய்யும் வாரம் 28 செட் (ஓய்வின்றித் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று ஒரு செட்) என்பது மிகை. இன்னும் இரண்டு முறைக்கு மேல் தூக்க முடியாது என்னும் நிலை வரை ஒவ்வொன்றையும் செய்தால், 10 முதல் 15 செட் போதும்.

புரதம் நாளொன்றுக்கு 100 கிராம் தேவை. நீங்கள் சைவம் என்பதால் சாம்பாரை நம்பாதீர்கள், அதில் பருப்பைவிடத் தண்ணீரே அதிகம். உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. பன்னீரும் தயிரும் சேருங்கள். வெறும் வயிற்றில் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். இரண்டு வாரத்தில் கால் கிலோவாவது ஏறவில்லையென்றால், மதியச் சோற்றில் ஒரு கரண்டி கூட்டுங்கள்.