சைலன்சரில் வெடிக்கிறதா, கார்பரேட்டரில் திருப்பி அடிக்கிறதா?

கேள்வி: 2009 மாடல் 100 சிசி வண்டி வைத்திருக்கிறேன். ஓட்டத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. இரண்டு இடத்தில் கார்பரேட்டர் டியூனிங் செய்தும் மைலேஜ் குறைந்ததுதான் மிச்சம். இப்போது கார்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? (வாசகர், தாராபுரம்)

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். வண்டி வெடிக்கிறது என்று சொன்னதும் கை நேராக கார்பரேட்டர் ஸ்க்ரூவுக்குப் போவதுதான் நம் ஊரில் பாதிப் பிரச்சினை. எங்கே வெடிக்கிறது, எப்போது வெடிக்கிறது என்ற இரண்டையும் முதலில் கவனிக்க வேண்டும், நீங்கள் அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள்.

வேகமாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை மூடினால் இஞ்சினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் ரொம்பக் குறைந்துவிடும். அது சிலிண்டருக்குள் சரியாகப் பற்றாமல் அப்படியே வெளியே வந்து, சூடான சைலன்சருக்குள் கொஞ்சம் வெளிக்காற்று கிடைத்ததும் வெடிக்கிறது. அதனால் அந்தக் காற்று எந்த வழியாக வருகிறது என்று தேடுங்கள். சைலன்சரின் முன்பக்கக் குழாயான பென்ட் பைப் இஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தில், கசியாமல் அடைக்க ஒரு கேஸ்கெட் இருக்கும். சைலன்சரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அதைப் புதிதாகப் போட வேண்டும், ஆனால் பல இடங்களில் நசுங்கிப்போன பழையதையே திரும்ப வைத்து முடுக்கிவிடுகிறார்கள். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தொடாமல் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் புகை குத்துவது தெரியும், சுற்றிலும் கரி படிந்திருந்தாலும் அதேதான்.

அப்புறம், அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் புகையைக் குறைப்பதற்காக ஏர் ஃபில்டர் பக்கமிருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் காற்று கொடுக்கும் ஒரு வால்வும் ரப்பர் டியூபும் உண்டு. ஆக்ஸிலேட்டரை மூடியதும் அந்த வால்வு காற்றை நிறுத்திவிட வேண்டும். அதற்கு இஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டுபோகும் சின்ன டியூப் விரிசல் விட்டிருந்தால் நிறுத்தாது, நீங்கள் சொல்லும் சத்தம் அப்படியே வரும். உங்கள் வண்டியில் அது இருந்தால் டியூபை வளைத்துப் பாருங்கள், விரிசல் கண்ணுக்கே தெரியும்.

இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் கார்பரேட்டருக்கு வாருங்கள். சோக்கைப் பாதி இழுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். வெடிப்பது குறைந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருக்கலாம், கார்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பரிலோ ஓ-ரிங்கிலோ காற்று புகலாம். ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கானது, உள்ளே முடுக்கினால் பெட்ரோல் பங்கு கூடும். இஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர், வெளியே திருப்பினால்தான் கூடும். இது தெரியாமல் திருகுவதால்தான் டியூனிங் செய்யச் செய்ய மோசமாகிறது.

கேள்வி: 150 சிசி வண்டி. இருபது கிலோமீட்டர் வரை அருமையாக ஓடும், பிறகு மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஷெட்டுக்குக் கொண்டுபோனால் எந்தக் கோளாறும் இல்லை என்கிறார்கள். (வாசகர், மன்னார்குடி)

பதில்: ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடு ஆறிவிடுகிறது, அவர்கள் பார்ப்பது நல்ல வண்டியை. இதை வண்டி நின்ற இடத்தில், நின்ற உடனே பார்த்தால்தான் பிடிக்க முடியும். ஒரு பிளக் ஸ்பேனரும் புது பிளக் ஒன்றும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

நின்றதும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் போதும். இல்லையென்றால் மூடியை நன்றாகப் பூட்டிவிட்டு, புது பிளக்கை பிளக் வயரின் நுனியில் உள்ள கேப்பில் செருகி, அதன் உலோக உடலை இஞ்சினில் நன்றாகத் தொடவைத்து செல்ஃப் அடியுங்கள். பழைய பிளக்கைக் கழற்ற வேண்டாம், அந்தத் துளை திறந்திருந்தால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவியில் தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும். கேப்பை வெறுமனே தொங்கவிட்டும் செல்ஃப் அடிக்காதீர்கள், பொறிக்கு உயர் மின்அழுத்தம் தரும் காயிலும், அதை இயக்கும் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டியும் கெட்டுப்போகும்.

பொறி வரவில்லை அல்லது மங்கலாக வருகிறது, ஆறினால் நன்றாக வருகிறது என்றால் சந்தேகம் காயில், பொறிக்கு நேரம் சொல்லும் பல்சர் காயில், சிடிஐ மூன்றின் மேல்தான். சூட்டில் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்வது சகஜம். ஆனால் எடுத்தவுடன் சிடிஐ வாங்கிவிடாதீர்கள். தெரிந்தவர் வண்டி அதே மாடலாக இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதற்கும் முன்னால் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் பச்சை பிடித்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டுங்கள். ரெசிஸ்டர் வைத்த கேப் என்றால் மல்டிமீட்டரில் பெரும்பாலும் 5 கிலோ ஓம் அளவுக்குக் காட்டும், முள் அசையவே இல்லையென்றால் கேப் போய்விட்டது.

நல்ல பொறி வந்தும் இஞ்சின் பிடிக்கவில்லையா? டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி, இறுக்கமாக இருக்கலாம். சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். இறுகிய டேப்பெட் சத்தமே போடாது, அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

கேள்வி: மழையில் நனைந்தாலோ வாட்டர் வாஷ் செய்தாலோ மட்டும் மிஸ்ஸிங். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பிளக் வயர் அல்லது கேப்பில் விரிசல். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். எங்கே நீலமாகப் பொறி தாவுகிறதோ அங்கேதான் கசிவு. வயரில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய புல்லட், பாயிண்ட் செட் உள்ளது. கிக் அடிக்கும்போது கார்பரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கிறது. (வாசகர், காரைக்குடி)

பதில்: சைலன்சரில் வெடிப்பதைவிட இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கார்பரேட்டர் பக்கம் தீ வருகிறது என்றால், இன்லெட் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் நெருப்பு இருக்கிறது. சரிசெய்யும் வரை ஏர் ஃபில்டர் இல்லாமல் கிக் அடிக்காதீர்கள், பெட்ரோல் ஒழுக்கு இருந்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால், தேய்த்துச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல், பாயிண்டில் பொறி தாவாமல் காக்கும் கண்டென்சரையும் மாற்றுங்கள், கருக வைத்தது அதுவாகத்தான் இருக்கும். இடைவெளி மாறினாலே பொறி வரும் நேரமான டைமிங்கும் நகரும், அதனால் இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங் வைக்க வேண்டும். வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டி வரவைக்கும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங்கும் எடைகளும் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒட்டியிருந்தால் கிக் அடிக்கும் வேகத்திலேயே பொறி முன்கூட்டி வந்துவிடும், காலையும் திருப்பி அடிக்கும்.

அடுத்தது டேப்பெட். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வந்த நிலையில், வால்வைத் திறக்கும் நீளக் கம்பியான புஷ் ராடு விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சுற்றவில்லை என்றால் வால்வு முழுதாக மூடவில்லை.

கேள்வி: நான்கு மாதம் ஓட்டாமல் நிறுத்தியிருந்த வண்டி. ஸ்லோவில் நிற்கவில்லை, வேகமாகப் போனால் சரியாக இருக்கிறது. எத்தனால் பெட்ரோல்தான் காரணமா? (வாசகர், அவிநாசி)

பதில்: ஓரளவு ஆமாம். பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் 20 சதவீத எத்தனால் கலந்ததைப் பழைய ஜெட்டில் விட்டால் கலவை கொஞ்சம் மெலியும், அதாவது காற்றின் பங்கு கூடிவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கையும் காலி செய்தாக வேண்டும்.

ஆனால் உங்கள் வண்டி வேகத்தில் நன்றாக ஓடுகிறது, ஸ்லோவில் மட்டும் நிற்கவில்லை. அது ஸ்லோ ஜெட் அடைப்பு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, நின்ற பெட்ரோல் காய்ந்து பிசின் போல அடைத்துவிடும். கழற்றி கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து ஏர் அடியுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், பித்தளை என்பதால் துளை பெரிதாகி, பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. அடுத்த முறை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.