அம்மாவின் கணக்கு நோட்டு

அன்புள்ள ஐயா,

இல்லத்தரசியின் சொத்துரிமை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அளித்த தீர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பா பதினாறு ஆண்டுகள் குவைத்தில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய பணத்தில் ஊரில் நின்று வீட்டைக் கட்டியவர் அம்மா. மனை அப்பாவின் பெயரில் கிரயமானது. இப்போது இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டை விற்கப் போவதாகச் சொல்லும் அப்பா, "இதில் உன் காசு ஒரு ரூபாயாவது உண்டா?" என்று கேட்கிறார். மனைவிக்குப் பாதிப் பங்கு என்று தீர்ப்பு வந்துவிட்டதாக உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? அம்மா எழுதிவைத்த கணக்கு நோட்டு ஒன்றின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

நீங்கள் அனுப்பிய பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் இரண்டு, சித்தாள் மூன்று, செங்கல் ஒரு லோடு. அதற்குக் கீழே பால் பாக்கி, உங்கள் பள்ளிக்கூடச் சம்பளம். கடைசி வரியில் "டிராப்ட் வரவில்லை, வளையல் அடகு". உங்கள் அப்பாவின் கேள்விக்கு அந்த வரியே பதில் சொல்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் அது பதிலாக நிற்க வேண்டுமானால், தீர்ப்பு சொன்னதையும் சொல்லாததையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூன் 21 அன்று தீர்ப்பளித்த அந்த வழக்கு உங்கள் குடும்பத்துக்கு மிக நெருக்கமானது. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்ப, மனைவி நெய்வேலியில் குடும்பத்தை நடத்திச் சொத்துகளை வாங்கினார். திரும்பி வந்த கணவர், பணம் முழுவதும் தன்னுடையது, மனைவி பெயரளவுக்கே உரிமையாளர் என்று வழக்குத் தொடுத்தார். தொண்ணூறுகளில் தொடங்கிய அந்த வழக்கை அவர் காலமான பிறகு, தாய்க்கு எதிராகப் பிள்ளைகளே தொடர்ந்து நடத்தினார்கள் என்பதைப் படித்தபோது மனம் கனத்தது.

மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதால்தான் கணவரால் கவலையின்றி வெளியே சென்று சம்பாதிக்க முடிகிறது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தின் பலனில் அவருக்கும் நியாயமான பங்கு உண்டு என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. இத்தகைய மறைமுகப் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இல்லை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். அதை அங்கீகரிக்கக் கூடாது என்று நீதிபதிகளைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்று அடுத்த அடியை எடுத்துவைத்தார். நான் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுவது இந்த ஓர் அடிக்காகத்தான்.

ஆனால் உறவினர்கள் சொல்வதுபோல், திருமணமான எல்லாப் பெண்களுக்கும் கணவரின் சொத்தில் உடனே பாதி என்று அது விதிக்கவில்லை. அது ஓர் இரண்டாம் மேல்முறையீட்டில், சாட்சியங்களை வைத்துத் தனி நீதிபதி எடுத்த முடிவு. அங்கே கணவர்தான் மனைவி பெயரில் இருந்த சொத்தைக் கேட்டு வந்தார். உங்கள் வீட்டிலோ பத்திரம் அப்பாவின் பெயரில் இருக்கிறது. யார் பெயரில் வாங்கினாலும் இருவரின் உழைப்பில் சேர்ந்தது இருவருக்கும் உரியது என்று தீர்ப்பு பேசுவது உங்களுக்குத் துணை நிற்கும். எனினும் பத்திரம் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்போது, நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் அம்மாவின் தோளில்தான் விழும்.

கோவாவில் இந்த நிலை இல்லை. 1867ஆம் ஆண்டின் போர்த்துக்கீசிய சிவில் சட்டத்தின் வழியாக, தம்பதியர் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை சொத்து இருவருக்கும் பொது என்பதே அங்கே விதி. மற்ற மாநிலங்களில் ஒவ்வொரு பெண்ணும் தன் வாழ்நாள் உழைப்பைத் தானே வழக்காடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இதை நாடாளுமன்றம் எப்போதோ தீர்த்திருக்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு நம் நீதிமன்றங்கள் மதிப்புப் போடாமல் இல்லை. 2021 ஜனவரியில், சாலை விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் அப்போதைய உச்ச நீதிமன்ற நீதிபதி என்.வி. ரமணா எழுதிய தனிக் கருத்து, 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பைச் சுட்டியது: ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இறந்துபோன இல்லத்தரசியின் உழைப்புக்கு ரூபாயில் கணக்குப் போட்டுக் குடும்பத்துக்கு வழங்கும் சட்டம், அவர் உயிரோடு இருந்து தன் பங்கைக் கேட்கும்போது தயங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இனி உங்கள் அம்மா செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். பங்கு கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, முடிவு வரும்வரை விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்கலாம். வீட்டை விற்று அவரை வெளியேற்றும் நிலை வந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் பாதுகாப்புக் கோரலாம்; பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அச்சட்டம் மனைவிக்கு அளிக்கிறது. வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணித் தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்பது சட்டம்.

நோட்டுகளின் மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். எல்லாப் பக்கங்களையும் தேதி வரிசையில் நகலெடுத்து, அந்தக் காலத்து வங்கிப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வளையலைப் பற்றி அம்மாவிடம் விசாரியுங்கள். அது அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருந்தால், அதை அடகு வைத்து வந்த பணம் மறைமுகப் பங்களிப்பு அல்ல, அவருடைய சொந்தச் சீதனம் நேரடியாக அந்தச் சுவரில் இறங்கியிருக்கிறது என்று பொருள். நோட்டில் தேதி இருக்கிறது. அந்தத் தேதியிட்ட அடகுச் சீட்டு எங்காவது மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று அம்மாவோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள்.