கடைசி வரிசையிலிருந்து பிள்ளையின் முகம்: ஹேண்டிகேம் கேள்வி-பதில்

சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கமிருந்து கையடக்க வீடியோ கேமரா பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஹேண்டிகேம் என்பது சோனி தன் கேமராவுக்கு வைத்த பெயர். நம் ஊரில் எந்தக் கம்பெனிக் கேமராவுக்கும் அதுவே பெயராகிவிட்டதால் இங்கும் அப்படியே எழுதுகிறோம்.

என் மகளுக்கு அடுத்த வருடம் பரதநாட்டிய அரங்கேற்றம். நல்ல போன் இருக்கும்போது ஹேண்டிகேம் வீண் செலவு என்கிறார் என் கணவர். வாங்கலாமா, வேண்டாமா?
– வாசகி, அம்மாபேட்டை

எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம், வருடத்துக்கு எத்தனை முறை எடுக்கப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பிறந்தநாள், ஏற்காடு படகுத்துறை, வளைகாப்பு என்று இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக எடுக்கப் போனே போதும். கிட்டத்தில் அகலமாக எடுப்பதிலும் மங்கிய வெளிச்சத்திலும் இன்றைய நல்ல போன் சாதாரண ஹேண்டிகேமைவிட மேல். எடுத்த கையோடு உறவுக்காரர்களுக்கு அனுப்பியும் விடலாம்.

அரங்கேற்றம் வேறு விஷயம். மண்டபத்தில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் மேடையிலிருந்து எழுபது எண்பது அடி தள்ளி, நாற்காலிகளுக்குப் பின்னால் இருக்கும். சோனி சிஎக்ஸ்405 என்ற சின்ன மாடலை எடுத்துக்கொள்வோம். அதில் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே நகர்ந்து படத்தைக் கிட்டே இழுக்கும் ஜூம், உண்டு. முழுவதும் இழுத்தால் எழுபத்தைந்து அடி தூரத்தில் சுமார் ஒரு மீட்டர் அகலம் மட்டுமே திரையில் நிற்கும். உங்கள் மகளின் முகம், முத்திரை பிடித்த விரல்கள், கண்ணசைவு எல்லாம் திரை நிறையத் தெரியும். ஐந்து மடங்கு ஜூம் லென்ஸ் உள்ள போனில் அதே இடத்திலிருந்து ஏழு மீட்டர் அகலம் தெரியும். அதற்கு மேல் போனில் இழுப்பதெல்லாம் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், முகம் மாவாகிவிடும். ஹேண்டிகேமின் ஜூம் லீவரை மெல்ல அழுத்தினால் படம் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போனில் ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நிறமும் கோணமும் வெட்டென்று மாறும்.

அடுத்தது நேரம். இரண்டரை மணி நேரம் விடாமல் ஓடினால் போன் சூடேறும், சார்ஜ் இறங்கும், இடையில் யாராவது கூப்பிட்டாலும் பதிவு நிற்கலாம். ஹேண்டிகேம் அந்த வேலைக்காகவே செய்யப்பட்டது. 24 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 24 மெகாபிட்) தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டில் ஐந்தரை மணி நேரம் அடங்கும். 100 எம்பிபிஎஸ் 4கே என்றால் மணிக்கு 45 ஜிபி. அதே கார்டு ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் நிறைந்துவிடும். பேட்டரிக்குப் பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஜூம் செய்து, நிறுத்தி, மீண்டும் தொடங்கி எடுத்தால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். இன்னொரு பேட்டரி கட்டாயம் வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சின்ன மாடல்களில் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. விளக்கை அணைத்து ஆடும் காட்சியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். புது மாடல்கள் வருவது மிகவும் குறைந்துவிட்டது, அதனால் பேட்டரியும் உதிரிபாகமும் போகப்போகத் தேடித்தான் வாங்க வேண்டும். சிஎக்ஸ்405 போன்ற அடிப்படை மாடல்களில் வெளி மைக் செருகும் துளை கிடையாது. நட்டுவாங்கமும் பாட்டும் தெளிவாக வேண்டுமென்றால், மேடை ஓரத்தில் ஒரு போனை ஒலிப்பதிவுக்கு மட்டும் வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு தரம் கைதட்டினால் எடிட்டிங்கில் அந்தத் தட்டை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம்.

எங்கள் கருத்து இது. அரங்கேற்றம் ஒன்றுதான் என்றால் வாடகைக்கு எடுங்கள். வருடத்தில் நான்கைந்து முறை ஆண்டு விழா, கச்சேரி, மேடை நிகழ்ச்சி என்று தூரத்திலிருந்து நீளமாக எடுப்பீர்கள் என்றால் வாங்குங்கள். அது வீண் செலவல்ல. இரண்டில் எதுவானாலும் ஒத்திகை நாளிலேயே மண்டபத்தில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பின்னால் இருட்டு, ஆள் மேல் பளீரென்ற விளக்கு என்றால் கேமரா இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டும். குழந்தையின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். மெனுவில் ஸ்பாட்லைட் காட்சி இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி குறைத்துப் பூட்டுங்கள். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட்டால் விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் பட்டுப்புடவையின் நிறம் தள்ளாடாது. ஸ்டாண்டில் மாட்டியதும் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெடி வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கேமராவைத் திருப்பி நிறுத்தும் இடத்தில் படம் ஒரு இழுவை இழுத்து நிற்கும்.

ஆன்லைனில் 4கே கேம்கோடர் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. மைக், ரிமோட், இரண்டு பேட்டரி எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். நம்பலாமா?
– வாசகர், சூரமங்கலம்

வேண்டாம். விளம்பரத்தில் "16 மடங்கு" என்று போட்டிருப்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம். உள்ளே நகரும் லென்ஸே இருக்காது. ஃபோகஸும் ஒரே தூரத்துக்கு நிலையாக வைக்கப்பட்டிருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சிஎக்ஸ்405-இல் 1.9–57.0 என்று இருக்கும், 57-ஐ 1.9-ஆல் வகுத்தால் 30, அதுதான் உண்மையான ஜூம். வளையத்தில் ஒரே ஒரு எண் இருந்தால் ஆப்டிகல் ஜூம் இல்லை என்று பொருள். அந்தப் பணத்துக்குப் போனுக்கு நல்ல ஸ்டாண்டும் சட்டையில் குத்தும் மைக்கும் வாங்கினால் இதைவிட நல்ல படம் வரும்.

ஏற்காட்டில் பனிமூட்டத்தில் எடுத்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது. சேலத்துக்கு இறங்கி வந்து எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடுகிறது. கேமரா பழுதா?
– வாசகர், ஏற்காடு

பழுதில்லை. இரண்டும் மலை செய்யும் வேலை.

ஆட்டோ ஃபோகஸ் ஒரு பொருளின் விளிம்பைத் தேடித்தான் கூர்மையைப் பிடிக்கிறது. பகோடா பாயிண்டில் மூட்டம் ஏறிவிட்டால் விளிம்பு என்று ஒன்றுமே இல்லை. அதனால் லென்ஸ் தேடிக்கொண்டே இருக்கும். சற்று விலகிய நேரம் பார்த்து, தூரத்தில் தெரியும் ஒரு சில்வர் ஓக் மரத்தை முழு ஜூமில் இழுத்து ஃபோகஸ் பிடியுங்கள். அப்படியே மேனுவலுக்கு மாற்றிவிட்டு, ஜூமைப் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். இனி மூட்டம் வந்தாலும் அலையாது. மூட்டம் வெள்ளையாக இல்லாமல் சாம்பலாக விழுகிறதென்றால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். கேமரா பளிச்சென்ற எதையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும்.

வியர்ப்பதற்குக் காரணம் உயர வித்தியாசம். சேலத்தைவிட ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. மேலே குளிர்ந்த கேமரா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே வரும்போது, சேலத்துக் காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது, ஐஸ் போட்ட டம்ளர் வியர்ப்பதைப் போல. மேலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். கீழே வந்து அரைமணி முதல் ஒரு மணி நேரம் கவரைத் திறக்காதீர்கள். ஈரம் கவரின் வெளிப்பக்கம் படியும், கேமரா தப்பிக்கும். ஏற்கெனவே வியர்த்துவிட்டதென்றால் ஆன் செய்யாமல் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். துணியால் தேய்க்க வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம்.

மலையில் குடியிருப்பவர் என்பதால் கேட்காத ஒன்றையும் சொல்கிறோம்: பூஞ்சை. லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் மெல்லிய இழை ஓடினால் அதுதான். முழுவதும் பிரித்தால்தான் துடைக்க முடியும். சின்னக் கேமராவில் கூலி கேமரா விலையை நெருங்கிவிடும். தோல் உறையிலும் துணி பீரோவிலும் கேமராவை வைக்காதீர்கள். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் நூறு கிராம் நீலச் சிலிக்கா ஜெல்லை மெல்லிய துணியில் முடிந்து போட்டு, அதில் வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் வெறும் வாணலியில் சிறுதீயில் நீலம் திரும்பும்வரை வறுத்து, ஆறியதும் மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதில் அரிசி வேண்டாம், அதன் மாவு லீவர் இடுக்கில் இறங்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி, பாதிச் சார்ஜில் தனியாக வையுங்கள். முழுச் சார்ஜிலோ முழுக் காலியாகவோ மாதக்கணக்கில் கிடந்தால் அது சீக்கிரம் செத்துவிடும்.

ஆடிப் பண்டிகையில் தவில், பம்பை அடிக்கும்போது எடுத்ததில் சத்தம் கிழிகிறது.
– வாசகர், ஆத்தூர்

மைக் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது; பதிவானபின் எந்த மென்பொருளாலும் முழுவதும் சரிசெய்ய முடியாது. மெனுவில் மைக் லெவலைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். திறந்தவெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் 6 டெசிபல் குறையும். எனவே பத்தடியில் நிற்பவர் இருபதடிக்குப் போய், கூடும் தூரத்தை ஜூமால் ஈடுகட்டலாம். ஜூம் உள்ள கேமராவின் பலன் இங்கேயும் தெரியும்.

கார்டில் எல்லாம் எம்டிஎஸ் என்ற ஃபைலாக, துண்டு துண்டாக இருக்கிறது. வாட்ஸப்பில் போகவில்லை.
– வாசகி, ஓமலூர்

அது ஏவிசிஎச்டி முறை. 2006-இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்தது. நீளமாக எடுத்தால் கேமராவே 2 அல்லது 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டி எழுதும். உங்கள் பதிவு ஒன்றும் கெடவில்லை. பலர் செய்யும் தவறு, உள்ளே தேடிப் போய் எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் இழுத்துக்கொண்டு கார்டை அழித்துவிடுவது. துண்டுகளை இணைக்கும் விவரம் மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. அது போனால் இணைப்பில் பாட்டு ஒரு கணம் அறுந்து விழும். கார்டு முழுவதையும் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிறகு கேமரா கம்பெனியின் மென்பொருள் வழியாக இறக்கினால் அதுவே ஒட்டித் தரும். ஒட்டிய பின் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, டீஇன்டர்லேஸ் வசதியை ஆன் செய்து, 720 அளவில் எம்பி4 ஆக மாற்றுங்கள். டீஇன்டர்லேஸ் செய்யாவிட்டால் கையசைவில் சீப்புப் பல்போல் கோடு கோடாகத் தெரியும்.

மாற்றும் வேலையே வேண்டாம் என்றால் மெனுவில் இரட்டைப் பதிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரிய ஃபைலோடு சின்ன எம்பி4 ஒன்றும் கூடவே எழுதப்படும். கார்டைக் கேமராவில்தான் ஃபார்மட் செய்ய வேண்டும், கம்ப்யூட்டரில் அல்ல.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கேமராவில், டியூப் லைட்டில் படம் மினுக்குகிறது.
– வாசகர், பேர்லாண்ட்ஸ்

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நம் விளக்கு வினாடிக்கு நூறு முறை துடிக்கிறது. கேமரா அந்தத் தாளத்தில் இல்லை. ஷட்டர் வேகத்தை 1/100 வினாடியில் நிறுத்துங்கள், மினுக்கல் போய்விடும். படம் கொஞ்சம் இருளும். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இங்கே தாராளமாகச் செருகலாம்.

பழைய ஹேண்டிகேம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், செவ்வாய்பேட்டை

உங்கள் கார்டையும் ஒரு டார்ச்சையும் கொண்டுபோங்கள். திரையைத் திறந்து, திருப்பி, மெதுவாக மூடிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் படம் வெட்டினால் கீலுக்குள் ஓடும் ரிப்பன் கேபிள் அறுந்துகொண்டிருக்கிறது; இந்தக் கேமராக்களில் முதலில் போவது அதுதான். லென்ஸில் டார்ச்சைச் சாய்வாக அடித்து இழை தெரிகிறதா பாருங்கள். முழு ஜூமில் தெருக்கோடிப் பலகையை வைத்தால் இரண்டு மூன்று வினாடியில் எழுத்து தெளிய வேண்டும். லென்ஸை மூடி அரை நிமிடம் பதிவு செய்து பாருங்கள். கறுப்பில் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகள் ஒரே இடத்தில் நின்றால் சென்சாரில் கோளாறு. உப்பிய பேட்டரியைத் தொடவே வேண்டாம். ஹார்டு டிஸ்க் மாடலும், 8 செ.மீ. டிஸ்க் போடும் மாடலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கல்யாண மினி டிவி (MiniDV) கேசட்டுகள் உள்ளன. கேமரா ஓடுகிறது. எப்படி மாற்றுவது?
– வாசகி, அஸ்தம்பட்டி

கேமரா ஓடும்போதே செய்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாக டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சை. கேமராவில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கு ஏறி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைத் தனியே வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றைக் கடைசிவரை ஓட்டி, மறுபடி சுற்றி வையுங்கள். வருடக்கணக்கில் இறுகிய டேப் சீராகும்.

கேமராவில் யுஎஸ்பி இருந்தாலும் பெரும்பாலும் அதில் முழுத் தரம் வராது. ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புத் துளைதான் வேண்டும். சோனியில் ஐ-லிங்க் என்று எழுதியிருக்கும். அந்தத் துளை உள்ள பழைய கம்ப்யூட்டர் அல்லது ஃபயர்வயர் கார்டு பொருத்திய டெஸ்க்டாப் தேவை. கேமரா பக்கம் பெரும்பாலும் 4 முனை, கம்ப்யூட்டர் பக்கம் 6 முனை. கேபிளை அதற்கேற்ப வாங்குங்கள். வின்டிவி (WinDV) என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். நடுவில் சதுரம் சதுரமாக உடைந்தால் ஹெட் அழுக்கு. உலர் கிளீனிங் கேசட்டைப் பத்து வினாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், அது ஹெட்டைத் தேய்க்கும். தொடங்குமுன் ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இருக்கும் சின்ன நகர்த்தியை "சேவ்" பக்கம் தள்ளிவிடுங்கள். விரல் தவறிப் பதிவு பட்டனில் பட்டாலும் கல்யாணம் அழியாது.