இன்ஜின் தட்டுகிறது, பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னுடையது 2013 மாடல் டீசல் கார். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் தோட்டத்துத் தடத்தில் ஒரு கல், இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சேம்பரில் இடித்துச் சொட்டை விழுந்தது. ஒழுகல் இல்லாததால் விட்டுவிட்டேன். அப்புறம் குடும்பத்தோடு வால்பாறை போய் வந்ததிலிருந்து இன்ஜினுக்குள் ‘டொக் டொக்’ என்று சத்தம். இன்ஜின் சூடேறினால் சத்தமும் கூடுகிறது. ஐடிலில் ஆயில் லைட் மினுக்குகிறது. ஒரு மெக்கானிக் ‘பேரிங் மட்டும் மாத்திக்கலாமுங்க, ரெண்டே நாள்’ என்கிறார். இன்னொருவர் இன்ஜினையே மாற்றச் சொல்கிறார். கெட்டியான ஆயில் ஊற்றி விற்றுவிடு என்பது மச்சானின் யோசனை. யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், காங்கேயம்

பதில்: இப்போதைக்கு மூவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். வண்டியை மேலே ஓட்டவும் வேண்டாம். பட்டறைக்குக்கூட டோயிங் வண்டியில் ஏற்றியே கொண்டுபோங்கள். ஆயில் லைட் எரியும்போது சத்தமும் கேட்கிற இன்ஜினை இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டினால், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் போகும். இன்னும் கொஞ்சம் ஓட்டினால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கான்ராட் முறிந்து இன்ஜின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். அதற்கப்புறம் பேச்சே இல்லை, வேறு இன்ஜின்தான்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பிக் எண்ட் பேரிங், அதாவது கான்ராட் கிராங்க்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங் என்றுதான் தோன்றுகிறது. பிஸ்டனின் ஆட்டம் என்றால் காலையில் குளிர்ந்த இன்ஜினில் அதிகமாகவும், சூடானதும் குறைவாகவும் இருக்கும். உங்களுக்கு நேர்மாறு. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் மெல்லியது, மேலிருந்து வரும். பிக் எண்ட் சத்தம் கீழே, சேம்பர் பக்கம், கனமாக இருக்கும். இன்ஜினை 2,000 ஆர்.பி.எம். அளவில் பிடித்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடும்போது தெளிவாகக் கேட்கும்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடுகிற இன்ஜினில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கரண்ட் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றும்போது சத்தம் அடங்குகிறதோ அந்த சிலிண்டர். பழைய டீசல் வண்டிகளில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அதை யாரும் செய்ய விடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டக்கூடியது, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்னொன்று, இன்ஜெக்டரே கெட்டிருந்தாலும் தட்டும், கனெக்டரைக் கழற்றினால் அந்தச் சத்தமும் அடங்கும். ஆகவே இந்தச் சோதனையை மட்டும் நம்பி இன்ஜினை இறக்கக் கூடாது.

அடுத்து ஆயில் பிரஷர். லைட் எரிவது பெரும்பாலும் அரை பாருக்குக் கீழே போனால்தான், அதாவது ரொம்பத் தாமதமான எச்சரிக்கை. ஆயில் சுவிட்ச் இருக்கும் இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் ஐடிலில் எவ்வளவு, 3,000 ஆர்.பி.எம்.மில் எவ்வளவு என்று பார்த்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். கேஜ் மாட்டிப் பார்க்கும் அந்தச் சில நிமிடத்துக்கு மேல் இன்ஜினை ஓட விடக் கூடாது. அப்புறம் ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளிருக்கும் பேப்பரை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஜிகினாத் தூள் மாதிரி மின்னினால் சந்தேகமே இல்லை. காந்தத்தில் ஒட்டவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். பேரிங்கின் அரைவட்டத் தகடான ஷெல்லின் மேற்பூச்சு அலுமினியம், செம்பு, ஈயம், வெள்ளீயம் சேர்ந்த கலவைகளில் ஒன்றாக இருக்கும், எதுவும் காந்தத்தில் ஒட்டாது.

சரி, ஏன் போச்சு? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆயில் பம்புக்கு எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் சேம்பரின் தரைக்கு மிக அருகில் இருக்கும். சொட்டை விழுந்து தரை மேலே எழும்பினால் உறிஞ்சும் வாய் அடைபடும். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, ஆனாலும் இன்ஜின் பட்டினி கிடக்கும். அதோடு ஆளியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முழு லோடில், கியரைக் குறைக்காமல் இன்ஜினைத் திணறவிட்டு ஏறினால் பேரிங்கின் மேல் விழும் சுமை அதிகம், ஆயில் பம்ப் சுற்றும் வேகமோ குறைவு. கிராங்க்குக்கும் ஷெல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.03 முதல் 0.06 மில்லிமீட்டர்தான், தலைமுடியைவிட மெல்லியது. அந்த ஆயில் படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

அதனால்தான் வெறும் ஷெல் மாற்றும் இரண்டு நாள் வேலையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேம்பரைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். கான்ராடின் அடிப்பாதி மூடியான கேப்களைக் கழற்றும் முன் எது எந்த ராடினுடையது, எந்தப் பக்கம் என்று குறிக்க வேண்டும். இப்போதைய ராடுகள் பலவற்றில் கேப்பை உடைத்தே பிரித்திருப்பார்கள், அந்த முறிவு அதே ஜோடியோடு மட்டுமே பொருந்தும். கேப்பை அரம் போட்டுத் தேய்ப்பது, ஷெல்லுக்குப் பின்னால் தகடு வைப்பது எல்லாம் அந்தக் காலத்துக் கைவைத்தியம். அப்படிச் செய்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிராங்க்கில் கான்ராட் மாட்டும் பகுதியான பின்னை மைக்ரோமீட்டரில் பல இடத்தில் அளந்தால் ஓவல் விழுந்திருக்கிறதா என்று தெரியும். கோடு விழாமல் அளவு சரியாக இருந்தால் புது ஸ்டாண்டர்ட் ஷெல் போதும். கோடோ ஓவலோ இருந்தால் இன்ஜினை இறக்கி, கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து கடைந்து மெலிந்த அளவுக்கு ஏற்ற 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். லாரிக்கும் போர் போடும் ரிக் வண்டிக்கும் கிராங்க் கடைகிற பட்டறைகள் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் உண்டு, கோவையில் கேட்கவே வேண்டாம். ஆனால் எல்லா கார் கிராங்க்கையும் கிரைண்ட் செய்ய கம்பெனி அனுமதிப்பதில்லை, சிலவற்றுக்கு அண்டர்சைஸ் ஷெல்லே வருவதில்லை. ஷெல் கையில் கிடைத்த பிறகே கிராங்க்கைக் கல்லில் வைக்கச் சொல்லுங்கள். ஷெல் தன் இடத்திலிருந்து நகர்ந்து சுற்றியிருந்தால் அந்த ராடின் துளையும் கெட்டிருக்கும், ராடையும் மாற்றுவது நல்லது.

ஏற்கெனவே இழுபட்ட ராடு போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதிதாக வாங்குங்கள். கிராங்க்கின் ஆயில் துளைகளைக் கழுவிக் காற்றடிக்க வேண்டும். ஆயில் கூலரில் தங்கிய தூள் கழுவினாலும் முழுதாகப் போகாது, அதையும் மாற்றிவிடுங்கள். டர்போவையும் ஆயில் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சேம்பர் கட்டாயம் புதிது. அதை ஒட்டும்போது சிலிகான் பேஸ்ட்டை அப்ப விடாதீர்கள், உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

கிரைண்டிங், ராடு, டர்போ எல்லாம் சேர்ந்து செலவு எகிறினால் கோவை உக்கடத்தில் பழைய இன்ஜின் தேடுவதும் தப்பில்லை. ஓடவிட்டுச் சத்தம் கேட்டு, சேம்பரைத் திறந்து காட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

மச்சான் யோசனைக்கு வருகிறேன். 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் சில நாள் மட்டுப்படும், உண்மைதான். வாங்குகிறவர் பிள்ளைகுட்டிகளோடு பழனிக்குப் போகும் வழியில் இன்ஜின் வெடிக்கும். விற்பதென்றால் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லியே விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் ஸ்டார்ட்டில் டீசலை நிறுத்திவைத்து, பிரஷர் ஏறும் வரை செல்ஃபில் மட்டும் சுற்றச் சொல்லுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள்.