46,000 பவுண்டுக்கு லான்சியா டெல்டா இன்டெக்ராலே வாங்கலாமா? அத முதலீடுன்னு சொல்லிக்கலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 41 வயசு, சொந்த ஊர் கோயமுத்தூர், இப்ப 11 வருஷமா இங்கிலாந்துல கோவென்ட்ரில இருக்கேன், ஆட்டோமொபைல் டிசைன் வேலை. கைக்கு மாசம் 3,900 பவுண்டு வருது, மனைவி பார்ட் டைம்ல 1,300. மார்ட்கேஜ் எல்லாம் சேத்து வீட்டுச் செலவு 3,700 ஆகுது. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல 31,000, ஸ்டாக்ஸ் ஐசால (வரி இல்லாத முதலீட்டு அக்கவுண்ட்) 24,000 இருக்கு. 1990 மாடல் லான்சியா டெல்டா இன்டெக்ராலே 16 வால்வ் ஒண்ணு பாத்திருக்கேன், 46,000 சொல்றார், மார்ட்டினி ஸ்ட்ரைப் (லான்சியா ராலி டீமோட ஸ்பான்சர் கலர் கோடு) போட்டது. சேவிங்ஸ்ல இருந்து 26,000 எடுத்துட்டு மிச்சம் 20,000க்கு 7 பர்சென்ட்ல 5 வருஷ லோன் போடலாம்னு இருக்கேன். பழைய கார் வித்தா வரி இல்லங்கறாங்க, விலையும் ஏறிட்டே இருக்காம், அப்ப இது முதலீடு தானே? இன்னும் ஆறு வருஷத்துல ஊருக்குத் திரும்பற பிளான், அப்ப கூடவே எடுத்துட்டுப் போயிடலாம்னு ஆசை. வீட்ல கராஜ் இல்ல, வாடகைக்கு எடுக்கணும். சொல்லுங்கண்ணா.

பதில்: தம்பி, மொதல்ல கடைசிக் கேள்விக்கு வர்றேன், ஏன்னா அதுல தான் உங்க மொத்தக் கணக்கும் மாறுது. ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியாதுங்க. இந்தியாவுக்குப் பழைய கார் கொண்டு போகணும்னா அது மூணு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது, ஸ்டீரிங் வலது பக்கம் இருக்கணும். உங்க கார் 1990, இன்டெக்ராலே எல்லாமே ஃபேக்டரில இருந்து இடது பக்க ஸ்டீரிங்கோட தான் வந்துச்சு. ரெண்டுலயும் அடிபடுது. அதனால நீங்க இத வாங்கற அன்னிக்கே விக்கற தேதியும் முடிவாயிடுச்சு, ஆறு வருஷத்துக்குள்ள இங்கயே வித்தாகணும். முதலீடுன்னு ஒண்ண சொன்னா அதுக்கு இருக்க வேண்டிய மொத வசதி, சந்தை நல்லா இல்லாதப்ப விக்காம காத்திருக்க முடியறது. அது உங்களுக்கு இல்ல. ஃபிளைட் டிக்கெட் போட்டு, வீட்டக் காலி பண்ற மாசத்துல ஒருத்தர் வந்து கார பாத்தார்னா அவருக்கே தெரியும் நீங்க அவசரத்துல இருக்கீங்கன்னு.

வரி விஷயத்துல நீங்க கேள்விப்பட்டது சரி. இங்க பிரைவேட் காருக்கு கேப்பிட்டல் கெயின்ஸ் டாக்ஸ் கிடையாது, அது பழைய கார் புது கார் எல்லாத்துக்கும் தான். ஆனா அதே சட்டத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கு, நஷ்டம் வந்தா அத வேற லாபத்துல கழிச்சுக்கவும் முடியாது. அப்பறம் வரி இல்லாம பணம் வளரணும்னா அதுக்குன்னே ஐசா இருக்கே, ஆளுக்கு வருஷம் 20,000, புருஷன் பொண்டாட்டிக்கு 40,000, உங்க கணக்குப்படி வருஷத்துக்கு அதுல பாதி கூட நீங்க நிரப்ப முடியாது. அதுக்கு லாக்-அப் கராஜ் வாடகையும் கிடையாது, துருவும் பிடிக்காது.

இப்ப கணக்கு. 20,000 லோன் 7 பர்சென்ட்ல 5 வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 395, வட்டி மட்டும் 3,760. கராஜ் மாசம் 80ன்னு வெச்சா வருஷம் 960. அக்ரீட் வேல்யூ இன்சூரன்ஸ் (கார் போனா எவ்வளவு தருவாங்கன்னு முன்னாடியே பேசி வெக்கறது) 450, ரோடு டாக்ஸ் 350 கிட்ட, எம்ஓடிங்கற வருஷாந்திர சோதனை 55. ரிப்பேர் சர்வீஸ்க்கு வருஷம் 2,000 ஒதுக்கச் சொல்றேன், ஒரு வருஷம் 600ல முடியும், அடுத்த வருஷம் 4,000 கேக்கும், இந்த காரோட குணம் அது. மொத்தம் வருஷம் 3,815, அஞ்சு வருஷத்துக்கு 19,000 சொச்சம். உங்க 26,000 சேவிங்ஸ்லயே 4 பர்சென்ட்ல கெடந்திருந்தா 5,630 வந்திருக்கும், அதுவும் போச்சு. எல்லாத்தையும் கூட்டினா அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கார் 74,500 கிட்ட போனா தான் உங்க கைக்காசு உங்களுக்கே திரும்ப வருது, அதாவது வருஷா வருஷம் 10 பர்சென்ட் ஏறணும், லாபம் ஒரு பைசா இல்லாம. பெட்ரோலும் விக்கறப்ப குடுக்கற கமிஷனும் இதுல சேக்கல. பழைய கார் விலை ஏறினத பத்தி எழுதறவங்க யாரும் இந்த 19,000த்த எழுத மாட்டாங்க, வாங்கின விலை வித்த விலை ரெண்டு மட்டும் தான் வரும்.

அந்த ரிப்பேர் 2,000 ஜாஸ்தின்னு உங்களுக்குத் தோணும்ல? போன வருஷம் ஒரு கிளையண்ட் கூட இதே மாதிரி 16 வால்வ் ஒண்ண பாக்கப் போனேன், நான் காருக்குப் போகல, அவர் ஏமாறாம இருக்கணும்னு போனேன். செவப்பு கலரு, தூரத்துல பாத்தா கண்ண எடுக்க முடியல. கூட வந்த மெக்கானிக் பெருசா ஒண்ணும் பேசல, நேரா முன்னாடி கண்ணாடி ரப்பர் ஓரத்துல விரல் நகத்த விட்டு லேசா தூக்கினார், பெயிண்ட் சோப்பு நுரை மாதிரி உப்பி உதிர்ந்துது, உள்ள பழுப்பா பொடி. அப்பறம் சன்ரூஃப் ஓரம், அதுக்கப்பறம் கதவுக்கு மேல கூரை சேர்ற எடத்துல டார்ச் அடிச்சு ஒரு தலைமுடி அளவு கோட்ட காட்டினார், பாடி முறுக்கி முறுக்கி விட்ட கீறல் அது. வித்தவர் "கேம் பெல்ட் மாத்தியாச்சு"ன்னார், எப்பன்னு கேட்டா ஃபைல பொரட்டி பொரட்டி கடைசில ஆறு வருஷத்துக்கு முன்னாடி பில்லு ஒண்ணு வந்துச்சு. இந்த எஞ்சின்ல பெல்ட்டுக்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கில்ல, ஓட்டாம நின்னாலும் மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடறது நல்லது, பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், அந்த பில்ல நான் சொல்ல விரும்பல. என் கிளையண்ட் திரும்பி வர்றப்ப கார்ல ஒரு வார்த்தை பேசல.

இன்னொண்ணு, மார்ட்டினி ஸ்ட்ரைப். இதுக்காக அவர் எவ்வளவு கூட்டிச் சொல்றார்னு நீங்க எழுதல, ஆனா கூட்டித்தான் சொல்லியிருப்பார். மார்ட்டினி 5, மார்ட்டினி 6னு ஃபேக்டரி எடிஷன் வந்தது 1992ல, அதுவும் அடுத்த மாடலான எவல்யூஸியோனே மேல, 5 வந்தது 400 கார், 6 வந்தது 310. 1990 16 வால்வ் மேல இருக்கறது யாரோ ஒட்டின ஸ்டிக்கர், தம்பி. ஸ்டிக்கருக்கு லோன் போடாதீங்க. அதுக்கடியில பெயிண்ட் எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு வேணா அத காரணமா வெச்சுக்கலாம்.

ஆசைய நான் குறை சொல்லலைங்க. காலேஜ் நாள்ல நம்ம செட்டிபாளையம் ரேஸ் டிராக் வேலிய புடிச்சுட்டு நின்ன ஊர்க்காரன் தான் நானும். 1986ல கோர்சிகா ராலில ஹென்ரி டொய்வொனெனும் கோ டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் டெல்டா எஸ்4ல இறந்து போனப்பறம் குரூப் பிங்கற அதிவேக ராலி கார் பிரிவ அந்த வருஷத்தோட நிறுத்தினாங்க, இனிமே 5,000 கார் செஞ்சு விக்கற மாடல் தான் ராலிக்கு வரலாம்னு குரூப் ஏ முதல் பிரிவாச்சு, அதனால தான் இப்படி ஒரு மிருகம் ஷோரூம்லயே கிடைச்சுது. 1987ல இருந்து 1992 வரைக்கும் தொடர்ச்சியா ஆறு வருஷம் கன்ஸ்ட்ரக்டர் டைட்டில், டிரைவருங்க கங்குனென், பியாசியோன், இதெல்லாம் எனக்கும் மனப்பாடம். குடும்பக் கார் சைஸ் அஞ்சு கதவு வண்டில நாலு சக்கரமும் இழுக்கறது, டர்போ ஏறறப்ப முதுகுல கைய வெச்சு தள்ளற மாதிரி இருக்கறது, அந்த சந்தோஷத்துக்குக் காசு குடுக்கலாம், தப்பே இல்ல. ஆனா அது செலவு. காசிக்குப் போற செலவு மாதிரி, பொண்ணு கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வெக்கற செலவு மாதிரி. முதலீடுன்னு பேர் வெச்சதால தான் உங்களுக்கு லோன் போடற தைரியம் வந்துச்சு, செலவுன்னு பேர் வெச்சுட்டா நீங்களே லோன் போட மாட்டீங்க.

உங்க பிளான்ல எனக்கு நெஜமா பயம் எங்கன்னா, 26,000 எடுத்தப்பறம் கைல மிச்சம் 5,000. வீட்டுச் செலவு 3,700. வேலை போச்சுன்னா மனைவி சம்பளத்தையும் சேத்தா ரெண்டு மாசம் ஓடும், அவ்ளோ தான். ஆட்டோ இண்டஸ்ட்ரி இப்ப இருக்கற நெலமை என்னைவிட உங்களுக்குத் தெரியும். உங்க மார்ட்கேஜ் ஃபிக்ஸ் (வட்டி மாறாத காலம்) எப்ப முடியுதுன்னும் எழுதல, குறைஞ்ச வட்டில பூட்டினதா இருந்தா அது முடியறப்ப மாசம் 300, 400 ஏறலாம், அந்த நேரம் வேற பேங்குக்கு மாறணும்னா இந்த கார் லோனையும் பாத்து தான் கணக்கு போடுவாங்க.

அப்ப என்ன பண்ணலாம்? லோன் தவணை 395, கார் செலவு மாசத்துக்கு 318, ரெண்டும் சேந்து 713. கார் இல்லாமயே இந்த 713அ அடுத்த மாசத்துல இருந்து தனி அக்கவுண்ட்ல போடுங்க, ரெண்டு வருஷம், நடுவுல ஊருக்குப் போற டிக்கெட்டுக்கும் சோஃபா மாத்தறதுக்கும் கை வெக்காம. முடிஞ்சா உங்களுக்கு இந்தக் கார் கட்டுப்படியாகும்னு அர்த்தம், நாலாவது மாசமே கை வெச்சீங்கன்னா பதில் தெரிஞ்சு போச்சு, அதுவும் ஒரு பவுண்டு நஷ்டம் இல்லாம. ரெண்டு வருஷத்துல அது 17,000 ஆகும். இப்ப இருக்கற 31,000ல 20,000 அவசரத்துக்குன்னு ஒதுக்கிட்டா மிச்சம் 11,000. ஆக 28,000, கடன் இல்லாம. ஐசாவ தொடாதீங்க.

28,000க்கு நல்ல 16 வால்வ் தேடிட்டு இருக்காதீங்க, அந்த விலைக்கு வர்றது மேல சொன்ன செவப்பு காராத்தான் இருக்கும். அதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், டெல்டா ஹெச்எஃப் ஃபோர் வீல் டிரைவ், 1986ல வந்தது, 165 குதிரை சக்தி, இன்டெக்ராலே மாதிரி வீங்கின வீல் ஆர்ச் இருக்காது, தெரியாதவங்க பாத்தா சாதா டெல்டாம்பாங்க. 1987 டைட்டில் ஜெயிச்சது அது தான், விலையும் பொதுவா இன்டெக்ராலேக்குக் கீழ தான். இதுல உங்களுக்கு இன்னொரு லாபம் இருக்கு, 40 வருஷம் ஆன காருக்கு இங்க ரோடு டாக்ஸ் கிடையாது, 1986ல செஞ்ச கார்னா 2027 ஏப்ரல்ல இருந்து, 1987ல செஞ்சதுன்னா 2028 ஏப்ரல்ல இருந்து ஹிஸ்டாரிக் கிளாஸ்ல மாத்திக்கலாம், பர்மிங்ஹாம் கிளீன் ஏர் ஜோன்ல புகை அதிகம் விடற பழைய காருக்குக் கேக்கற தினசரி 8 பவுண்டும் அதுக்கு வராது. உங்க 1990 காருக்கு அந்த யோகம் 2031 ஏப்ரல்ல தான், அப்ப நீங்க ஊருக்கு மூட்ட கட்டிட்டு இருப்பீங்க.

எத வாங்கினாலும் ஊர் திரும்பறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே விக்க ஆரம்பிச்சுடுங்க, அதுவும் கோடைக்கு முன்னாடி, ஜனவரி மழைல பழைய டர்போ காரு தேடி யாரும் வர மாட்டாங்க. பில்லு ஒவ்வொண்ணும் தேதி வாரியா ஃபைல் பண்ணுங்க, விக்கறப்ப அந்த ஃபைலுக்குத் தான் பாதி விலை. மனைவிகிட்ட 713 கணக்க மொதல்லயே காட்டிடுங்க, நீங்க எழுதின லெட்டர்ல அவங்க சம்பளம் இருக்கு, அவங்க என்ன சொன்னாங்கன்னு இல்ல.

இந்த 46,000 காருக்கு அட்வான்ஸ் ஏதாச்சும் குடுத்துட்டீங்களா? குடுத்திருந்தா இன்னிக்கே அவருக்கு மெசேஜ் போட்டு, இன்ஸ்பெக்ஷன்ல துரு வந்தா திருப்பித் தர்றீங்களான்னு எழுத்துல கேளுங்க. குடுக்கலைன்னா குடுக்காதீங்க.