25,000 ரூபாய்க்குப் புது லேப்டாப்பா, பழைய திங்க்பேடா?

லெனோவோவின் திங்க்பேட் டி480 நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். மலிவான புது மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும். பின்னால் கூட்டவே முடியாது. டி480-இல் இரண்டு ரேம் ஸ்லாட், கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி. பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர் என்பதால் விண்டோஸ் 11-உம் ஓடும். அதே உருவத்தில் வரும் டி470-இல் பெரும்பாலும் ஏழாம் தலைமுறைதான், ஏமாறாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். போர்டில் இருக்கும் சிறிய சிமாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பாஸ்வேர்டு அழியாது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட்டும் (பேட்டரியின் நிலை அறிக்கை) எடுங்கள்: உள் பேட்டரி 24,000 மில்லிவாட்-மணியில் 14,000-தான் மிச்சமென்றால் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். டைப்-சி சார்ஜிங் போர்ட்டை ஆட்டிப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் மதர்போர்டிலேயே ரிப்பேர் வேலை.