அக்னிவீர் மெரிட் லிஸ்டில் பெயர் வந்த பிறகு பயிற்சிக்குப் போகாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

கேட்டவர் அரூர்ப் பக்கத்துத் தம்பி. நான்கு ஆண்டு ராணுவப் பணியான அக்னிவீருக்குக் கோயம்புத்தூர் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் மெரிட் லிஸ்டில் பெயர் வந்துவிட்டது, இன்னும் சில நாளில் வரச் சொல்லியிருக்கிறார்கள், மனம் ஒப்பவில்லை, பேசாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் போலீஸ் வருமா என்று கேட்டிருக்கிறார். நானும் இதே இடத்தில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

தம்பி, முதலில் ஒன்றைச் சொல். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா, இல்லையா? ஓட்டத்தில் ஜெயித்தது, மெடிக்கலில் தேறியது, லிஸ்டில் பெயர் வந்தது எல்லாம் சேர்ந்தாலும் அதுவரை நீ விண்ணப்பதாரர்தான். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் முறைப்படி சேர்க்கப்பட்டவர்களைத்தான் கட்டும். சேர்க்கும் அதிகாரி உன்னை எதிரே வைத்து, பணி நிபந்தனைகளை விளக்கி, படிவத்திலுள்ள கேள்விகளைக் கேட்பார். எல்லாம் சம்மதம் என்று நீ கையெழுத்துப் போடுவாய். அந்த நிமிடத்திலிருந்து நீ ராணுவத்து ஆள். பயிற்சி தொடங்கியிருக்க வேண்டும், யூனிஃபார்ம் போட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. "நான் இன்னும் ட்ரெய்னிங் சென்டருக்கே போகலையே" என்று பிறகு சொல்வது செல்லாது.

நான் கையெழுத்துக்கு முன்பே நின்றுகொண்டேன். 2011. எங்கள் ஊர் போச்சம்பள்ளிக்குப் பக்கம். அப்போது அக்னிவீர் கிடையாது, பழைய முறை. முதலில் மைதானத்தில் ஓட்டம், கடைசியில்தான் எழுத்துத் தேர்வு. ரன்னிங்கில் முதல் குரூப்பிலேயே வந்தேன், பத்து புல்-அப்ஸும் எடுத்தேன். பெயர் வந்த அன்று அப்பா தெருவுக்கே கேசரி கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, பெங்களூரா மாங்காய் அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம், மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். தோப்பைக் குத்தகைக்கு எடுத்த பணத்தில் பாதி மண்டிக்காரரிடம் வாங்கிய கடன். கீழே இரண்டு தங்கைகள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. என் பெரியப்பா விடவில்லை. "மாட்டேன்னு சொல்றதா இருந்தா நேரா போய்ச் சொல்லிட்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டார். கோவையில் அந்த அலுவலகத்தில் ஒரு ஹவில்தார் என் கடிதத்தை வாங்கிப் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கையெழுத்துக்கு முன்னாடி வந்துட்ட, சரி. உன் இடத்துக்கு அடுத்தவன் போவான்" என்றார். அவ்வளவுதான். வழக்கும் இல்லை, அபராதமும் இல்லை, போலீஸும் வரவில்லை. என் பெயர் லிஸ்டிலிருந்து போனது.

சட்டப்படி ஒன்றும் ஆகவில்லை என்றால் விளைவே இல்லை என்று நினைத்துவிடாதே. அப்போது பொதுப்பணி சிப்பாய்க்கு 17½-இலிருந்து 21 வயது வரைதான். அப்பா எழுந்து நடந்தபோது எனக்கு வயது கடந்திருந்தது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை, அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தேன், தங்கைகளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. எடுத்த முடிவு தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் விடியற்காலையில் ரோட்டோரம் பையன்கள் ஓடுவதைப் பார்த்தால் நின்று பார்க்காமல் போக முடிவதில்லை.

என்னோடு தேறிய ஊத்தங்கரைப் பையன் ஒருவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். சென்டருக்கு அனுப்பினார்கள். ரயில் ஜோலார்பேட்டையில் நின்றபோது இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டான். பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்த வயதில் முதல்முறை வடக்கே போகிறவனுக்கு வரக்கூடிய பயம். ஆனால் அவன் சட்டத்துக்குள் வந்துவிட்டவன். அனுமதியில்லாமல் வராமல் இருந்தாலே மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கிறது. முப்பது நாள் தாண்டினால் விசாரணை வைத்து ஓடிப்போனவன் என்று பதிவு செய்யலாம்; அந்தக் குற்றத்துக்குச் சாதாரணக் காலத்திலேயே ஏழு ஆண்டு வரை. பிடித்துத் தரச் சொல்லி ஊர் அதிகாரிகளுக்கு எழுதவும் செய்வார்கள். அப்படித்தான் இவன் வீட்டுக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த அவன் மாமா கையோடு கூட்டிப்போய் ஒப்படைத்தார். தண்டனை அனுபவித்து, அப்புறம் விடுவிக்கப்பட்டு வந்தான். பிறகு எந்த வேலைக்குப் போலீஸ் விசாரணை வந்தாலும் அதே ஸ்டேஷன், அதே கதை.

நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால் ஓடாதே. சென்டருக்குப் போய், விடுவிக்க முடியுமா என்று கேள். 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின்படி, சேர்ந்தும் உறுதிமொழிச் சடங்கு முடியாதவனை விடுவிக்கும் அதிகாரம் கீழ்மட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சடங்கு பயிற்சி முடியும்போதுதான் வரும். ஆனால் கேட்டதும் விட்டுவிடுவார்கள் என்று எண்ணாதே. அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தின் விதியில், சொந்த விருப்பத்தில் நான்கு ஆண்டுக்கு முன் விலக முடியாது, அசாதாரணமான சூழ்நிலையில் மேலதிகாரி அனுமதித்தால் மட்டும் உண்டு என்று இருக்கிறது. அப்படி விலகினால், நான்கு ஆண்டு முடிவில் தருவதற்காகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேவா நிதியில் நீ போட்ட பணமும் வட்டியும் வரும், அரசு போட்ட பங்கு வராது.

உன் கேள்வியில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு முடிவுக்கும் காத்திருப்பதாக எழுதியிருந்தாய். நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேருக்கு இதுதான் சிக்கல். போச்சம்பள்ளியில் சிறப்புக் காவல் பட்டாலியனைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள், சொந்த மாநிலத்தில் அறுபது வயது வரை வேலை என்றால் மனம் அங்கே போவது நியாயம்தான். நான்கு ஆண்டு முடிந்தபின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அதற்காக, "இப்போதைக்குக் கையெழுத்துப் போடுவோம், போலீஸ் வேலை வந்தால் விட்டுவிடுவோம்" என்று மட்டும் கணக்குப் போடாதே. காவலர் வேலை கிடைப்பது அந்த அசாதாரணமான சூழ்நிலை ஆகாது. எது வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்பே முடிவெடு.

ஃபைலை எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடு என்று யாராவது வருவார்கள். ஒரு பைசா கொடுக்காதே. கையெழுத்துக்கு முன் விலகுவதற்குக் கட்டணமே கிடையாது. காரணம் காட்டப் பொய்யான மெடிக்கல் சான்றிதழ் வாங்காதே, அதுதான் உன்னைக் கேஸில் மாட்டிவிடும். நம்பிப் பேச ஆள் வேண்டுமென்றால் தர்மபுரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போ. அங்கே வந்துபோகிற பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

கையெழுத்துப் போடவில்லை என்றால் முதலில் வீட்டில் சொல். பிறகு ஒரு பக்கக் கடிதம் போதும். பெயர், ரோல் நம்பர், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் வரச் சொன்னார்கள், குடும்பக் காரணத்தால் சேர விருப்பமில்லை என்ற ஒரு வரி. தேதிக்கு முன்பே நேரில் கொடு. ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் அன்றைக்கே கேட்டு வாங்கு. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக சீல் போட்டு வாங்காமல் திரும்பாதே. என்னுடைய நகலை இன்னும் வைத்திருக்கிறேன்.